பெரிய இவுக

எனக்குப் பிள்ளைகளைப் பிடிக்காது. ஆசிரியை வேலைக்கு வந்தவள் இதை வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். பிள்ளைகள் என்றால் உயிர் என்று ஆண்டு விழா மேடையில் உருகிவிட்டு, வகுப்பில் போய் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆட்களோடு பல வருஷம் ஒரே அறையில் சோறு தின்றிருக்கிறேன். எனக்கு அவர்களையும் பிடிக்காது. எனக்குப் பிடித்தது கணக்கு. அதற்கு அடுத்தபடியாகச் சத்தமில்லாத அறை. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற அரசுப் பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துபோனது.

அருப்புக்கோட்டையில் வீடு. வீட்டுக்காரருக்கு நவதானியக் கடை. காலையில் திருச்சுழி பஸ்ஸைப் பிடித்து, வழியில் கிளைப்பாதை பிரிகிற ஒரு விலக்கில் இறங்கி, இரண்டு பக்கமும் வேலிக்கருவை அடைத்துக்கொண்ட பாதையில் உள்ளே நடந்தால் எங்கள் உயர்நிலைப் பள்ளி. அங்கே பத்து 'பி' என்று ஒரு வகுப்பு இருந்தது. போன ஜூனில் தலைமை ஆசிரியர் அதை என் தலையில் கட்டினார். அதற்கு முன்பு அதை வைத்திருந்தவர் மெடிக்கல் லீவில் போய், அப்படியே மாறுதல் வாங்கிக்கொண்டு காரியாபட்டிப் பக்கம் தப்பித்துவிட்டார். நீங்கள் கண்டிப்பானவர், உங்களால்தான் முடியும் என்றார் தலைமை ஆசிரியர். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்த மனிதர். யார் மனசும் நோகாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்த யாரில் நான் எப்போதும் சேர்த்தி இல்லை.

பத்து 'பி' அறையில் ஒரே ஒரு மின்விசிறி. வெயில் காலத்தில் அதற்குக் கீழே உட்கார அடிதடி நடக்கும். வந்த புதிதில், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி இருபடிச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் இரண்டு குரல்கள் கேட்டன.

"ஏய், தள்ளி உக்காருடி."

"நீ தள்ளுடி."

அவ்வளவுதான். நான் திரும்புவதற்குள் ஒரு சாப்பாட்டு டப்பா மூடி பறந்து வந்து என் கண்ணாடியில் விழுந்தது. பெஞ்சுகள் சாய்ந்தன. பையன்கள் பனியன் தெரிகிற அளவுக்குச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மிச்சப் பாடத்தை ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடத்தினேன். கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்துபோயிருந்தது.

முதல் குரல் ஊருக்குள் இருக்கிற பெண். கரிசல் காடு, டிராக்டர், மிளகாயும் மல்லியும் போடுகிற வீடு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ராஜ்ஜியம் நடத்துவாள்; கடைசி பெஞ்சுக்காரி என்றே அவளைச் சொல்கிறேன். இரண்டாவது குரல் கிழக்குத் தெருப் பெண். சன்னலோரத்தில் உட்காருகிறவள். கிழக்குத் தெரு என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊர் முடிந்து, ஓடையைத் தாண்டி, தனியே இருக்கிற தெரு. ஊருக்குள் இருப்பவர்களின் காட்டில் களை வெட்டுவதும் மிளகாய் எடுப்பதும் அந்தத் தெருவின் வேலை. ஊருக்குள் இருக்கிற பொடிசுகூட அந்தத் தெருவின் நரைத்த தலையைப் பார்த்து 'வா, போ' என்று சொல்லும். சிநேகிதிகளுக்குள் 'டி' போட்டுப் பேசிக்கொள்வது யாருக்கும் உறைக்காது. இங்கே 'டி' எப்போதும் ஒரு பக்கமாகத்தான் போகும். அன்றைக்கு அது திரும்பி வந்துவிட்டது.

விசாரணைக்குக் கடைசி பெஞ்சுக்காரியின் அப்பா வந்தார். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். குழுவுக்குத் தலைவியாக ஒரு அம்மா இருந்தார், ஆனால் கூட்டத்தில் பேசுவது இவர்தான். எல்லா அப்பாக்களும் சொல்வது போலத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொன்னார். யாருடைய தோலை என்று சொல்லவில்லை. அவர் கண் போன திசையில் சன்னலோரத்துக்காரி நின்றாள். கம்பு எடுக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது என்றேன். என்ன பெரிய உத்தரவு என்றார்.

பிறகு என்னை வகுப்பறை மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திருச்சுழியில் வட்டார வள மையத்து ஹாலில், வாழ்நாளில் பத்து 'பி' போன்ற ஒன்றைப் பார்த்தே இராத ஒரு இளைஞர், சார்ட் பேப்பரில் சிரிக்கிற முகம் வரைந்து ஒட்டினார். வகுப்பு சத்தம் போட்டால் ஆசிரியர் கோபப்படக் கூடாதாம். ஒரு தரம் கை தட்ட வேண்டுமாம். பிள்ளைகள் இரண்டு தரம் திருப்பித் தட்டிவிட்டு அமைதியாகிவிடுவார்களாம். எங்களையும் தட்ட வைத்தார். பென்ஷனுக்குக் காத்திருக்கிற கிழங்களெல்லாம் ஹாலில் உட்கார்ந்து கை தட்டினோம். மறுநாள் நான் வகுப்பில் தட்டினேன். பத்து 'பி' திருப்பித் தட்டியது. அப்புறம் அது நிற்கவே இல்லை. பீரியடு முடிகிற வரைக்கும் தட்டினார்கள், பெஞ்சில் தட்டினார்கள், டப்பாவில் தட்டினார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து அறிவியல் சார் எட்டிப் பார்த்து, என்ன டீச்சர், கல்யாணமா என்றார். அந்த மனிதர் மேஜைக்குள் இன்னும் கம்பு ஒளித்து வைத்திருந்தார்.

மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போது எனக்கு ஒற்றைத் தலைவலி. அந்த வலியில்தான் சட்டம் போட்டேன். இந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தால் ஏலே கிடையாது, வாலே போலே கிடையாது, வாடி போடி கிடையாது. யாரும் யாரையும் வாங்க, போங்க. இல்லாத ஆளைப் பற்றிச் சொன்னாலும் அவுக, இவுக. வாய் தவறினால் அடி இல்லை, முட்டி போடுவது இல்லை, வெளியே நிற்பதும் இல்லை. கரும்பலகைக்கு வந்து, எல்லாரும் பார்க்க, நான் சொல்கிற கணக்கைப் போட்டு முடிக்க வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்டுப் போட வேண்டும். எனக்கும் அதே சட்டம்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம். கடைக்காரர்கள் வீட்டில் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை என்றால், "அவுக சாப்பிடுவாகளா, மாட்டாகளா?" என்று அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்துக் கேட்பேன். அவரும் சுவரிடமே பதில் சொல்வார். ஒருத்தரைக் கெட்ட வார்த்தை சொல்லாமல், கை ஓங்காமல், ஓரமாக உட்கார வைக்க எங்களுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். சமத்துவம் கிமத்துவம் எதையும் நான் யோசிக்கவில்லை. பின்னாளில் இதைக் கேள்விப்பட்டு ஒரு அதிகாரி என்னை முற்போக்கான ஆசிரியை என்று பாராட்டினார். எனக்குத் தலைவலி என்று அவரிடம் சொன்னேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் சில நாள் வகுப்பு கூத்துக் கொட்டகையாக இருந்தது. ஒருவன் இன்னொருவன் காலரைப் பிடித்துக்கொண்டு, "மூஞ்சியப் பேத்துருவேங்க" என்று கத்தினான். பிடிபட்டவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாங்க போங்க போட்டுக்கொண்டு யாராலும் ஒழுங்காகச் சண்டை போட முடியவில்லை. சண்டை சூடு பிடிப்பதற்குள் யாராவது சிரித்துக் கெடுத்தார்கள். வாய் தவறியவர்கள் கரும்பலகைக்கு வந்து வந்து, காரணிப்படுத்தல் வகுப்புக்கே பழகிவிட்டது. அரையாண்டுத் தேர்வில் பத்து 'ஏ'யைவிட எங்களில் அதிகம் பேர் கணக்கில் தேறினார்கள். நான் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. இதுகூட வராதா என்றுதான் கேட்டேன்.

மசியாதவள் கடைசி பெஞ்சுக்காரி. சட்டத்தை மீற மாட்டாள், அதை வைத்தே குத்துவாள். சன்னலோரத்துக்காரியிடம், "மகாராணி அவுக அந்த டஸ்டர எடுத்துத் தருவாகளா, இல்ல பல்லக்கு அனுப்பணுமா?" என்பாள். சன்னலோரத்துக்காரியும் ஒன்றும் பாவப்பட்ட ஜீவன் இல்லை. காதில் கை வைத்து, "கேக்கலீங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்பாள். மற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் சொல்ல வேண்டும். கோபத்தில் வாய் தவறும். கரும்பலகைக்கு வருவாள். கணக்கு வராது. தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்பது சட்டம். வகுப்பில் கணக்குத் தெரிந்தது சன்னலோரத்துக்காரிக்கு. இவள் விறைத்துக்கொண்டு நிற்க, அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சொல்லுவாள், இவள் எழுதுவாள். இப்படியே மாசக்கணக்கில் போனது. இந்த அவமானத்துக்காகவே கடைசி பெஞ்சுக்காரி கணக்குப் படிக்க ஆரம்பித்தாள். என்னைக் கண்டால் அவளுக்கு ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. நாங்கள் இருவரும் அதை மறைத்துக்கொள்ளவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அவளுடைய அப்பா வந்தார். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நடந்தது இதுதான். அவர்கள் காட்டில் மிளகாய்க்குக் களை வெட்டு. வந்த ஆட்களில் சன்னலோரத்துக்காரியின் அம்மாவும் ஒருத்தி. லீவில் இருந்த கடைசி பெஞ்சுக்காரி வீட்டிலிருந்து டீ கொண்டுபோயிருக்கிறாள். அந்த அம்மாவிடம் டம்ளரை நீட்டி, "இந்தாங்க, புடிங்க, சூடா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் பழகிப்போய் வந்துவிட்டது. களை வெட்டின பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி சிரித்திருக்கிறாள். சித்தப்பன்காரன் வரப்பில் நின்று கேட்டிருக்கிறான். சாயந்திரத்துக்குள் ஊர் பூராவும் போய்விட்டது.

"எங்க வீட்டுப் புள்ளைக்கு நாக்கு கெட்டுப்போச்சு டீச்சரம்மா" என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்தில் தலைவலியே விட்டுப்போனது. அப்படியானால் புகாரை எழுதிக் கொடுங்கள் என்றேன். இந்த ஆசிரியை பிள்ளைகளை மரியாதையாகப் பேசச் சொல்கிறார், ஆகவே அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உங்கள் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நானே தபாலில் சேர்க்கிறேன் என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. தலைமை ஆசிரியர், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் டீச்சர் என்று கெஞ்சினார். எதை அட்ஜஸ்ட் பண்ண? ஊர்க்காரப் பிள்ளைகளுக்கு வாங்க, கிழக்குத் தெருவுக்கு வா என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அதைத்தான் சொல்ல வந்தார் என்று தெரிந்தது.

காகிதத்தில் எழுத முடியாத புகாருக்கு வேறொரு புகார் தயாரானது. கணக்கு நடத்துவது பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை குழு கூடும், பத்து 'பி'யை என்னிடமிருந்து எடுத்து அறிவியல் சாரிடம் கொடுக்கத் தீர்மானம் போடும், பொதுத்தேர்வு முடியும்வரை கணக்கையும் அவரே பார்த்துக்கொள்வார். அவருக்குக் கணக்கு வராது, அது எல்லாருக்கும் தெரியும். கம்பு வரும். தலைமை ஆசிரியர் இதை என்னிடம் ரகசியம் மாதிரி, ஏதோ உதவி செய்கிற மாதிரி சொன்னார்.

அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. வகுப்பு போகட்டும், அந்தக் கழுதைகளை யார் மேய்த்தால் எனக்கென்ன என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன். மனசு கேட்கவில்லை. நான் நடத்துகிற கணக்கு புரியவில்லை என்று எழுதி வைத்துவிடுவார்கள். அது பொய். என்னைக் கோபக்காரி என்று எழுதட்டும், வாயாடி என்று எழுதட்டும், உண்மைதானே என்று நானே கையெழுத்துப் போடுவேன். இது பொய். தேர்வுக்கு முன்னால் அந்த அறைக்குள் மறுபடி கம்பு போகும், ஏலே போகும், யார் எங்கே உட்காருவது என்று மறுபடி டப்பா பறக்கும். சன்னலோரத்துக்காரி வாயை மூடிக்கொண்டு பழைய மாதிரி உட்காருவாள். இதையெல்லாம் நினைக்க நினைக்க எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

கூட்டத்தைப் பத்து 'பி' அறையிலேயே வைத்தார்கள், ஏனென்றால் வகுப்பறைகளில் அங்கேதான் மின்விசிறி. பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு விரட்டினோம். விரட்டின வேகத்தில் எல்லாத் தலைகளும் சன்னல்களில் வந்து முளைத்தன. பெற்றோர்கள் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். தலைவியம்மா நாற்காலியின் நுனியில் இருந்தார். அப்பாக்காரர் எழுந்து, பிள்ளைகளின் எதிர்காலம் என்று தொடங்கி நிறையப் பேசினார். ஒரு இடத்திலும் மரியாதை என்ற வார்த்தை வரவில்லை. கணக்கு புரியவில்லை, பயமாக இருக்கிறது, வீட்டில் அழுகிறார்கள் என்றார்.

எந்தப் பிள்ளை அழுகிறது, கூப்பிடுங்கள் என்றேன் நான்.

அவர் இதற்காகவே காத்திருந்த மாதிரி, தன் மகளையே கூப்பிட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, முடிந்தது கதை என்று. அந்த வகுப்பில் என்னை அவளைப் போல வெறுக்கிற ஆள் வேறு கிடையாது. அவள் சன்னலை விட்டு இறங்கி, வாசல் வழியாக உள்ளே வந்து, கரும்பலகைப் பக்கத்தில் நின்றாள். அத்தனை மாதம் தண்டனைக்கு வந்து நின்ற அதே இடம்.

டீச்சரைப் பற்றிப் பயப்படாமல் சொல் என்றார் தலைமை ஆசிரியர். அவள் பயப்படவே இல்லை. டீச்சர் சிரிக்கவே மாட்டார், நல்ல வார்த்தை ஒன்று சொன்னதில்லை, கை ஒடிகிற மாதிரி கணக்குக் கொடுப்பார், கிண்டல் பண்ணுவார், பார்த்தாலே எரிச்சலாக வரும் என்றாள். ஒன்றுகூடத் தப்பில்லை. அப்பாக்காரர் மீசையைத் தடவினார். தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்தார்.

கணக்கு புரியவில்லை, அப்படித்தானே என்று கேட்டார்.

அவள் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "புரியுது" என்றாள்.

"ஏத்தா, புரியலேன்னுதான வீட்ல சொன்ன" என்றார் அப்பா.

"நான் சொல்லல. டீச்சர் நடத்துறப்ப புரியாததெல்லாம் அவுக சொல்லித் தருவாக."

"எவுக? யாரு?"

அவள் சன்னல் பக்கம் கை காட்டினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சன்னலோரத்துக்காரி நின்றாள். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது வரைக்கும் சிவந்துபோனார்.

"அவளா? அவ என்ன பெரிய இவுகளா, நீ அவுக இவுகங்க?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்தாள். அவரிடம் நீட்டினாள்.

"இந்த ரூமுக்குள்ள யாரையும் அவன்னு சொல்லக் கூடாதுப்பா. சொன்னா போர்டுல கணக்குப் போடணும்."

அவள் குரலில் நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. வகுப்பில் எல்லாரையும் குத்துகிற அதே குரல்தான். டஸ்டர் கேட்கிற குரல். பிடிபட்டவர் அப்பாவாக இருந்தாலும் விடக் கூடாது என்கிற பிடிவாதம்.  யாரும் சிரிக்கவில்லை. தலைவியம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாக்காரர் அந்தச் சாக்பீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படி இறங்கிப் போனார். அவள் சாக்பீஸை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

மாணவர் நலன் குறித்து விவாதிக்கப்பட்டது என்று மட்டும் எழுதித் தலைமை ஆசிரியர் நோட்டை மூடினார். பத்து 'பி' என்னிடமே இருந்தது. சாயந்திரம் பஸ்ஸில் வரும்போது ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அருப்புக்கோட்டையில் இறங்கி, வழக்கத்துக்கு மாறாகக் கால் கிலோ காரச் சீவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை கடைசி பெஞ்சில் அவள் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. படித்தது போதும், தேர்வுக்கு மட்டும் அனுப்புவோம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். தீர்மானம் போட்டு என்னிடமிருந்து வகுப்பை எடுக்க முடியவில்லை, அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் வந்தது, தலைமை ஆசிரியர் மேல் வந்தது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத அந்தப் பெண் மேலும் வந்தது. புரியவில்லை என்று சொல்லித் தொலைத்திருந்தால் அவள் பாட்டுக்கு உட்கார்ந்து படித்திருப்பாள்.

ஒரு நாள் அவர்கள் வீட்டுக்கே போனேன். அவரும் சளைத்தவர் இல்லை. "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி வந்தது. எவர்சில்வர் டம்ளரைத் தட்டில் வைத்து மரியாதையாகக் கொடுத்தார்கள். பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். "நீங்க சொன்னா சரிங்க" என்றார். எப்போது அனுப்புவீர்கள் என்றேன். "காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றார். உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, ஆள் வெளியே வரவில்லை. எங்கள் வீட்டுச் சுவரிடம் நான் பேசுகிற பேச்சை, இந்த மனிதர் என்னிடமே பேசி அனுப்பினார். "போயிட்டு வாங்க" என்று வாசல் வரைக்கும் வந்தார். 

அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். சன்னலோரத்துக்காரி கரும்பலகைக் கணக்கையெல்லாம் இரண்டு தரம் எழுதினாள். நோட்டில் ஒரு தரம், தனித் தாளில் ஒரு தரம். எதற்கு என்று கேட்டேன். அம்மா மிளகாய் எடுக்க அவர்கள் காட்டுக்குப் போகிறாள், சோத்துச் சட்டிப் பையில் வைத்துக் கொடுத்தால் டீ கொண்டுவருகிறபோது வாங்கிக்கொள்வார்கள் என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது, தெளிவாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

கணக்குத் தேர்வு அன்றைக்குக் கணக்கு ஆசிரியர்களுக்கு மேற்பார்வைப் பணி போட மாட்டார்கள். திருச்சுழியில் தேர்வு மையம். காலையிலேயே போய், கேட்டுக்கு வெளியே நின்றேன். எங்கள் பிள்ளைகள் ரோட்டோரம் ஒரு குட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, கடைசி நேரத்தில் படித்தால் ஏறிவிடும் என்கிற மூடநம்பிக்கையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சன்னலோரத்துக்காரி சுவரின் நிழல் பட்ட பக்கத்தில் இருந்தாள்.

ஒரு பைக் வந்து நின்றது. அப்பாக்காரர். பின்னாலிருந்து கடைசி பெஞ்சுக்காரி இறங்கினாள். என்னைப் பார்த்தாள், வணக்கம் சொல்லவில்லை. நேராகச் சுவரிடம் போனாள். ரோட்டில் அவ்வளவு சத்தத்திலும் எங்களுக்குக் கேட்டது.

"ஏய், தள்ளி உக்காருடி."

பத்து 'பி' மொத்தமும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியது. என் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. சன்னலோரத்துக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ தள்ளுடி" என்றாள். சொல்லிவிட்டு, நிழலில் பாதி இடம் விட்டு நகர்ந்தாள்.

கடைசி பெஞ்சுக்காரி உட்கார்ந்தாள். "வரைபடத்துல அந்த ரெண்டாவது கணக்கு வருமாடி?" என்று கேட்டாள். வராது, மூடிக்கிட்டு முதல் கணக்கைப் பாருடி என்றாள் இவள். இரண்டு பேரும் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். அது சோத்துச் சட்டிப் பையில் போன தாள். மடிப்பெல்லாம் மஞ்சளாக இருந்தது.

அவர் வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு அணைத்தார். ரோட்டைக் கடந்து என் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், அடிக்குரலில் சொன்னார்.

"இதுக்கு அந்த வாங்க போங்கவே தேவல டீச்சரம்மா."

இது ரோடு, என் சட்டம் இங்கே செல்லாது என்றேன். அவர் திரும்பி வண்டிப் பக்கம் போனார். மணி அடித்ததும் பிள்ளைகள் இரண்டு பேரும் எழுந்து, சுடிதாரில் ஒட்டின சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். எங்கள் இருவரில் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்வு முடிகிறவரை அவர் வண்டியில் சாய்ந்து நின்றார், நான் சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறின பிறகும் அந்த நிழல் இருவருக்கும் போதுமானதாகத்தான் இருந்தது. நான் வாங்க என்று கூப்பிடவில்லை. அவரும் வரவில்லை.